டிம் டீபோ ஏன் நிலைக்கவில்லை? கல்லூரி க்வார்ட்டர்பேக்கும் என்எஃப்எல்லும்

2012 ஜனவரி 8, டென்வர். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸுக்கு எதிரான பிளே-ஆஃப் ஆட்டம் சமனாகி, கூடுதல் நேரத்துக்குப் போகிறது. அதன் முதல் ஆட்ட அசைவிலேயே டிம் டீபோ எறிந்த பாஸ் 80 யார்டு டச் டவுனாக (எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுசேர்ப்பது) மாறுகிறது. டென்வர் பிராங்கோஸ் ஜெயித்துவிட்டது. அமெரிக்கா முழுக்க அவர் பேச்சாகவே இருந்தது. மார்ச் முடிவதற்குள் அதே டென்வர் அவரை நியூயார்க் ஜெட்ஸுக்குக் கொடுத்துவிட்டது. அதன்பிறகு அமெரிக்காவின் தொழில்முறை ஃபுட்பால் லீகான என்எஃப்எல்லில் க்வார்ட்டர்பேக்காக ஒரு ஆட்டத்தைக்கூட அவர் தொடங்கவில்லை.

அமெரிக்கன் ஃபுட்பாலை இப்போதுதான் பார்க்க ஆரம்பித்திருப்பவர்களுக்கு இது புரியாத புதிராக இருக்கும். கல்லூரியில் இரண்டு தேசியப் பட்டம், நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது, தொழில்முறையில் ஒரு பிளே-ஆஃப் வெற்றி. இவ்வளவு இருந்தும் ஒருவருக்கு வேலை எப்படிப் போகும்? மதம், பக்தி, ஊடகப் பரபரப்பு என்று அவரைச் சுற்றி நிறையப் பேச்சு உண்டு. என் பார்வையில் விஷயம் அதைவிட எளிமையானது. கல்லூரியில் அவர் பார்த்த வேலையும் என்எஃப்எல் அவரிடம் கேட்ட வேலையும் பெயரளவில்தான் ஒன்று.

முதலில் க்வார்ட்டர்பேக் என்றால் யார்?

இரு பக்கமும் 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு. இல்லாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஒவ்வொரு வாய்ப்பிலும் நடுவில் குனிந்து நிற்கும் சென்டர், பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் அனுப்புவார். அதை வாங்குபவர்தான் க்வார்ட்டர்பேக். வாங்கியதும் அவர் மூன்றில் ஒன்றைச் செய்யலாம்: ஓட்டக்காரர் கையில் கொடுக்கலாம், முன்னால் ஓடிப் பந்தைப் பிடிக்கும் ரிசீவருக்கு எறியலாம், தானே தூக்கிக்கொண்டு ஓடலாம்.

முடிவெடுக்க அவருக்குக் கிடைப்பது ஏறக்குறைய இரண்டரை வினாடி. அதற்குள் நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள நான்கைந்து பேர் அவரைச் சாய்க்க வந்துகொண்டிருப்பார்கள்.

டீபோ விளையாடிய காலத்தில் கல்லூரி ஃபுட்பாலின் முதல்நிலைப் பிரிவில் 120 அணிகள் இருந்தன. என்எஃப்எல்லில் 32 தான். ஆண்டுதோறும் நடக்கும் டிராஃப்டில் ஏழு சுற்றுகளில் சுமார் 250 கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். முந்தைய ஆண்டில் மோசமாக ஆடிய அணிக்கே முதல் வாய்ப்பு. மற்ற இடங்களில் ஒரே நேரத்தில் பல வீரர்களை மாற்றி மாற்றி இறக்கலாம். க்வார்ட்டர்பேக் இடம் அப்படியில்லை, ஒரு அணிக்கு ஒருவர்தான். ஆக, மொத்த நாட்டுக்கும் 32 வேலை.

ஃப்ளோரிடாவில் என்ன செய்துகொண்டிருந்தார்

டீபோ பிறந்தது பிலிப்பைன்ஸில், 1987-ல். பெற்றோர் கிறிஸ்தவ ஊழியர்கள். வளர்ந்தது ஃப்ளோரிடாவில், பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே படித்தார். வீட்டில் படிக்கும் பிள்ளைகளும் பள்ளி அணியில் ஆடலாம் என்று அந்த மாநிலத்தில் சட்டம் இருந்ததால் ஃபுட்பால் கைவிட்டுப் போகவில்லை. 2006-ல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே பயிற்சியாளர் அர்பன் மேயர்.

மேயரின் ஆட்டமுறையில் க்வார்ட்டர்பேக் சென்டருக்கு நாலைந்து யார்டு பின்னால் நிற்பார், பக்கத்தில் ஓட்டக்காரர். எதிரணித் தடுப்பு வரிசையின் ஓரத்தில் நிற்பவரை வேண்டுமென்றே யாரும் மறிக்க மாட்டார்கள். க்வார்ட்டர்பேக் பந்தை வாங்கி ஓட்டக்காரரின் வயிற்றருகே கொண்டுபோய், விடாமல் பிடித்தபடி அந்த ஓரத்து ஆளை மட்டும் பார்ப்பார். அந்த ஆள் ஓட்டக்காரரை நோக்கிப் பாய்ந்தால் பந்தை உருவிக்கொண்டு, அவர் விட்டுப்போன ஓரம் வழியாகத் தானே ஓடுவார். அந்த ஆள் தயங்கி நின்றால் பந்தை விட்டுவிடுவார், ஓட்டக்காரர் நடுவில் புகுந்து போவார். எதிராளி எதைச் செய்தாலும் தப்பாகப் போகும். இதற்கு ரீட் ஆப்ஷன் என்று பெயர்.

கவனிக்க வேண்டியது, படிக்க வேண்டியது ஒரே ஒரு ஆளை. அதிலும் டீபோ ஆறடி மூன்றங்குலம், நூறு கிலோவைத் தாண்டிய உடம்பு. ஓரத்து ஆள் நேராக வந்து மோதினாலும் இன்னும் இரண்டு யார்டு இழுத்துக்கொண்டு போவார். அவர் ஓடத்தான் போகிறார் என்று பயந்து தடுப்பாளர்கள் எல்லாரும் முன்னால் ஏறி வந்தால், பின்னால் ரிசீவர் தனியாக நிற்பார். முதல் ஆண்டிலேயே, தடுப்பு வரிசையை நோக்கி ஓடி, கடைசி நொடியில் எம்பிக் குதித்து, வரிசைக்கு மேலாகப் பந்தைத் தட்டிவிட்டு டச் டவுன் எடுத்தார். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் அந்தப் பாஸுக்கு எதனால் வழி திறந்தது என்று பாருங்கள்: கூட்டம் மொத்தமும் அவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

2007-ல் எறிந்து 32 டச் டவுன், ஓடி 23. ஒரே பருவத்தில் இரண்டிலும் 20-ஐத் தொட்ட முதல் வீரர் அவர்தான். இரண்டாம் ஆண்டு மாணவராக ஹைஸ்மன் வாங்கிய முதல் ஆளும் அவரே. 2008-ல் ஓல் மிஸ் அணியிடம் 31-30 என்று தோற்றபின் செய்தியாளர்கள் முன் நின்று, இனி என்னைவிடக் கடினமாக உழைக்கும் ஆளைப் பார்க்க மாட்டீர்கள் என்ற ரீதியில் ஒரு வாக்குக் கொடுத்தார். அதன்பின் ஃப்ளோரிடா ஒரு ஆட்டமும் தோற்காமல் ஓக்லஹோமாவை 24-14 என்று வென்று பட்டம் எடுத்தது. அந்தப் பேச்சைப் பலகையில் பொறித்து மைதானத்தில் மாட்டிவிட்டார்கள்.

எறிந்த பந்துகளில் மூன்றில் இரண்டு பங்கு ரிசீவர் கையில் சேர்ந்தது. இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

என்எஃப்எல் வேறு என்ன கேட்கிறது

டென்னிஸ் பால் கிரிக்கெட்டில் தெருவையே அதிரவைத்தவர் லெதர் பந்து முன்னால் போய் நிற்பதை நம்மில் பலர் பார்த்திருப்போம். டீபோ விஷயமும் ஏறக்குறைய அதுதான். என்ன மாறுகிறது என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

மைதானத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். அகலம் இரண்டிலும் ஒன்றுதான், 53 யார்டுக்குச் சற்றே அதிகம். ஆனால் பந்தை வைக்கும் உட்கோடுகள் கல்லூரியில் 40 அடி இடைவெளியில் இருக்கின்றன. என்எஃப்எல்லில் பதினெட்டரை அடிதான். அதனால் கல்லூரியில் பந்து ஓரமாக வைக்கப்பட்டால் ஒரு பக்கம் பரந்த வெளி கிடைக்கும். ஓடுகிற க்வார்ட்டர்பேக்குக்கு அது பெரிய வரம். என்எஃப்எல்லில் பந்து எப்போதும் கிட்டத்தட்ட நடுவில். அந்த வெளி சுருங்கிவிடுகிறது. போதாததற்கு, ஓரத்தில் நிற்கும் ஆள் கல்லூரியில் பார்த்தவரைவிடக் கனமானவர், வேகமும் அதிகம்.

அடுத்தது தலை வேலை. என்எஃப்எல்லில் பயிற்சியாளர் க்வார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் ரேடியோவில் அடுத்த ஆட்ட அசைவைச் சொல்வார். அந்த அசைவைத் தொடங்குவதற்கான கடிகாரத்தில் 15 வினாடி மீதி இருக்கும்போது அந்த ரேடியோ துண்டிக்கப்படும். அதற்குள் நீண்ட ஒரு சங்கேத வாக்கியத்தை வாங்கி, பத்துப் பேருக்குத் திருப்பிச் சொல்லி, வரிசைக்கு வந்து, எதிரணி நிற்கும் விதத்தைப் பார்த்து, தேவையென்றால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். அன்றைய கல்லூரி ஆட்டத்தில் ரேடியோவே கிடையாது. ஓரத்திலிருந்து கை சைகை காட்டுவார்கள், ஆட்ட அசைவின் பெயரும் சின்னதாக இருக்கும். ஃப்ளோரிடாவில் ஓரத்து ஆள் ஒருவரைப் படித்தவர், இங்கே பதினொரு பேரையும் படிக்க வேண்டும்.

அப்புறம் கால். சென்டருக்கு ஒட்டி நின்று பந்து வாங்கி, முதுகுப்புறமாக மூன்று, ஐந்து, ஏழு என்று காலடி எண்ணி வைத்துப் பின்வாங்கி, கடைசி அடி தரையில் படும்போதே எறிய வேண்டும். டீபோ கல்லூரியில் அநேகமாக எப்போதுமே தள்ளி நின்று வாங்கியவர். இந்த நடையை அவர் 22 வயதில் புதிதாகப் பழக வேண்டியிருந்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக, கை. டீபோ இடக்கையர். பந்தைக் காதருகே வைத்து அங்கிருந்தே வீசுவதற்குப் பதில், முதலில் இடுப்பு வரை இறக்குவார். அப்புறம் பின்னால் ஒரு பெரிய வளையம் போட்டு மேலே கொண்டுவந்து எறிவார். ஆளில்லாத இடத்தில் நிற்கும் ரிசீவருக்கு இப்படி எறிந்தால் ஒரு நஷ்டமும் இல்லை. என்எஃப்எல்லில் ரிசீவரின் நிழல்போல் ஓடும் தடுப்பாளர் 40 யார்டை நாலரை வினாடியில் கடப்பவர். கணக்குப் போட்டால் வினாடிக்கு ஒன்பது யார்டு. பந்து இடுப்புக்கு இறங்குவதைப் பார்த்ததுமே அவர் கிளம்பிவிடுவார். அந்த வளையத்தில் கால் வினாடி போனால் இரண்டு யார்டுக்கு மேல் போச்சு. ரிசீவர் கைக்கு வர வேண்டிய பந்து தடுப்பாளர் கையில் விழும். அந்தப் பயத்தில் கையை இழுத்துப் பிடித்தால் பந்து தரையில் விழும். 2010 டிராஃப்டுக்கு முன் அந்த அசைவைச் சுருக்க அவர் கடுமையாகப் பயிற்சி எடுத்தார். ஆனால் ஆள் மேலே விழ வரும்போது உடம்பு பழைய பழக்கத்துக்கே திரும்பிவிடுகிறது.

இவ்வளவும் தெரிந்தே டென்வர் அவரை எடுத்தது. அப்போதைய பயிற்சியாளர் ஜாஷ் மெக்டேனியல்ஸ், பால்டிமோருக்கு மூன்று தேர்வு வாய்ப்புகளைக் கொடுத்து முதல் சுற்றின் 25-வது இடத்தை வாங்கி, அதில் டீபோவைத் தேர்ந்தெடுத்தார். அதே டிசம்பரில் மெக்டேனியல்ஸ் வேலை போனது. தன்னை நம்பி எடுத்த ஆள் முதல் பருவம் முடிவதற்குள் காணாமல் போவது இளம் க்வார்ட்டர்பேக்குக்கு நேரக்கூடிய பெரிய துரதிர்ஷ்டங்களில் ஒன்று. புது நிர்வாகத்தில் ஜான் எல்வே வந்தார். டென்வருக்கு இரண்டு சூப்பர் பவுல் (லீகின் இறுதிப்போட்டி) வாங்கித் தந்த பழைய க்வார்ட்டர்பேக். எறிவதென்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. போதாக்குறைக்கு 2011-ல் உரிமையாளர்களுக்கும் வீரர்களுக்கும் ஊதியத் தகராறு வந்து, மார்ச் முதல் ஜூலை வரை லாக்அவுட், அதாவது வீரர்களுக்குக் கதவடைப்பு. டீபோ பழக வேண்டிய கோடைக்காலம் அப்படியே போனது.

அந்த 2011 பருவம்

முதல் ஐந்து ஆட்டத்தில் கைல் ஆர்ட்டன் ஆடினார். ஒரு வெற்றி, நான்கு தோல்வி. பிறகு டீபோவை இறக்கினார்கள். மயாமியில் முதல் ஆட்டம். ஐம்பத்தேழு நிமிடம் வரை அவர் ஆடியதைப் பார்த்தவர்கள் கண்ணைப் பொத்திக்கொண்டிருப்பார்கள். 15-0 என்று பின்தங்கியிருந்தது டென்வர். கடைசி மூன்று நிமிடத்தில் இரண்டு டச் டவுன், சமன் செய்ய அவரே ஓடி எடுத்த இரண்டு புள்ளி, கூடுதல் நேரத்தில் ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கிடையே உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி). 18-15.

இதுவே வாடிக்கையாகிவிட்டது. பயிற்சியாளர்கள் பருவத்தின் நடுவில் பாதித் திட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு ஃப்ளோரிடாவின் ரீட் ஆப்ஷனைக் கொண்டுவந்தார்கள். கன்ஸாஸ் சிட்டிக்கு எதிராக எட்டுப் பந்து எறிந்து இரண்டு மட்டுமே சேர்ந்த ஆட்டத்திலும் டென்வர் 17-10 என்று ஜெயித்தது! ஜெட்ஸுக்கு எதிராகக் கடைசியில் 95 யார்டு நகர்த்திவந்து, 58 வினாடி மீதியிருக்க 20 யார்டு ஓடி டச் டவுன் எடுத்தார். அந்த ஆண்டு ஓட்ட யார்டில் லீகிலேயே டென்வர்தான் முதலிடம். மைதானத்தில் ஒரு முழங்கால் ஊன்றி ஜெபிக்கும் அவருடைய தோரணையில் நாடு முழுக்க ஆட்கள் போட்டோ எடுத்துப் போட ஆரம்பித்தார்கள்.

அதிர்ஷ்டமும் இருந்தது, மறைக்க வேண்டியதில்லை. சிகாகோ ஆட்டத்தில் எதிரணியின் மேரியன் பார்பர் மைதானத்துக்குள்ளேயே விழுந்திருந்தால் கடிகாரம் ஓடி ஆட்டம் முடிந்திருக்கும். அவர் கோட்டுக்கு வெளியே போய்க் கடிகாரத்தை நிறுத்தினார். கிடைத்த நேரத்தில் மேட் பிரேட்டர் 59 யார்டிலிருந்து உதைத்துச் சமன் செய்தார். பருவத்தின் கடைசி ஆட்டத்தில் கன்ஸாஸ் சிட்டியிடம் டென்வர் 7-3 என்று தோற்றது. டீபோ எறிந்த 22 பந்தில் ஆறுதான் சேர்ந்தது. எதிரணியின் க்வார்ட்டர்பேக் யார் தெரியுமா? டென்வர் கழற்றிவிட்ட அதே கைல் ஆர்ட்டன்.

எட்டு வெற்றி, எட்டு தோல்வி என்ற கணக்கில், சமநிலை விதிகளின் புண்ணியத்தில் பிளே-ஆஃபுக்குள் நுழைந்தார்கள். அந்தப் பருவத்தில் டீபோ எறிந்ததில் சேர்ந்தது 46.5 சதவீதம். லீகின் சராசரி 60 சதவீதத்தை ஒட்டி. ஃப்ளோரிடாவின் மூன்றில் இரண்டு பங்கு பாதிக்கும் கீழே போயிருந்தது.

இப்போது அந்த 80 யார்டுக்கு வருவோம். அன்று ஸ்டீலர்ஸின் பின்வரிசைக் காவலர் ரையன் கிளார்க் ஆடவில்லை. ரத்த அணுக்களைப் பாதிக்கும் அரிவாள் அணுக் கூறு உள்ள உடம்பு என்பதால், கடல் மட்டத்திலிருந்து உயரத்தில் இருக்கும் டென்வரில் ஆடுவது அவருக்கு ஆபத்து. கூடுதல் நேரத்தின் முதல் ஆட்ட அசைவு, டீபோ நிச்சயம் ஓட்டத்துக்குத்தான் கொடுப்பார் என்று எல்லாரும் கோட்டருகே நெருங்கி நின்றார்கள். கிளார்க்குக்குப் பதிலாக வந்தவரும் முன்னால் ஏறினார். டீபோ ஓட்டக்காரருக்குக் கொடுப்பதுபோல் பாவனை செய்தார், அவர்கள் ஏமாந்தார்கள். ரிசீவர் டெமாரியஸ் தாமஸ் நடுப்பகுதிக்குக் குறுக்காக வெட்டி ஓடினார். அவருக்குப் பின்னால் மைதானமே காலி. பந்து வந்தது, துரத்திய ஐக் டெய்லரை ஒரு கையால் தள்ளிவிட்டு எல்லை வரை ஓடினார். மொத்தமே 11 வினாடி. முதல் வாய்ப்பில் ஃபீல்டு கோல் மட்டும் எடுத்தால் ஆட்டம் முடியாது, டச் டவுன் எடுத்தால்தான் முடியும் என்ற புது விதி வந்தபின் நடந்த முதல் பிளே-ஆஃப் கூடுதல் நேரம் அது.

அன்று அவர் பத்துப் பந்தைச் சேர்த்து எடுத்தது 316 யார்டு. கல்லூரி நாள்களில் கண்ணுக்குக் கீழே யோவான் 3:16 என்று எழுதிக்கொண்டு ஆடியவர் என்பதால் இந்த எண்ணை வைத்து எழுந்த ஆரவாரத்தைக் கேட்கவே வேண்டாம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு: அந்தப் பெருமைமிக்க பாஸும் கல்லூரிப் பாஸ்தான். ஓட்டத்துக்குப் பயந்து எல்லாரும் முன்னால் வந்தார்கள், பின்னால் ஒருவர் தனியாக நின்றார். அடுத்த வாரம் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அப்படிப் பயப்படவில்லை, 45-10.

பிறகு

மார்ச்சில் பெய்டன் மேனிங் கழுத்து அறுவைச் சிகிச்சைக்குப் பின் அணி தேடிக்கொண்டிருந்தார். எல்வே அவரைப் பிடித்தார். மேனிங் கிடைக்கிறார் என்றால் எந்த அணியும் அதைத்தான் செய்திருக்கும். டீபோ ஜெட்ஸுக்குப் போனார். அங்கே 2012 முழுக்க எறிந்தது எட்டே பந்து. பந்து உதைப்பவரைக் காக்க நிற்கும் வேலையெல்லாம் கொடுத்தார்கள். முதல் க்வார்ட்டர்பேக் மார்க் சான்செஸை உட்கார வைத்தபோதும் வாய்ப்பு மூன்றாமவருக்குப் போனது. அவர் அந்த ஆட்டத்தில் 11 முறை சாய்க்கப்பட்டார். 2013-ல் பேட்ரியட்ஸ், 2015-ல் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ். இரண்டுமே பருவம் தொடங்குவதற்குள் விடுவித்துவிட்டன. நடுவில் தொலைக்காட்சி வர்ணனை, அப்புறம் நியூயார்க் மெட்ஸின் கீழ்நிலை அணிகளில் சில வருடம் பேஸ்பால். 2021-ல் பழைய குரு மேயர் ஜாக்ஸன்வில் அணிக்கு வந்தபோது, 33 வயதில் டைட் எண்ட் என்ற வேறு இடத்துக்கு முயன்றார். ஒரு பயிற்சி ஆட்டத்தோடு அதுவும் முடிந்தது. இடம் மாறிப் பாரேன் என்று பத்து வருடம் முன்பே பலர் சொன்னார்கள். க்வார்ட்டர்பேக்காகத்தான் ஆடுவேன் என்று அப்போது நின்றவர்.

குறுகிய தொழில்வாழ்க்கை எல்லாமே இதே காரணத்தால் முடிவதில்லை. 1998-ல் மேனிங்குக்கு அடுத்து இரண்டாவதாக எடுக்கப்பட்ட ரையன் லீஃப் தொடங்கிய 21 ஆட்டங்களில் ஜெயித்தது நான்குதான். 2007-ன் முதல் தேர்வு ஜமார்கஸ் ரஸலுக்குப் பீரங்கிக் கை. மூன்று பருவத்தில் ஓக்லண்ட் விடுவித்தது. 2012-ல் ஹைஸ்மன் வாங்கிய ஜானி மேன்ஸியலை கிளீவ்லண்ட் இரண்டே பருவத்தில் அனுப்பியது. உழைப்பும் ஒழுங்கும் பற்றி இவர்கள்மேல் சொல்லப்பட்ட எதையும் டீபோமேல் சொல்ல முடியாது.

ஓடுகிற க்வார்ட்டர்பேக்குக்கு என்எஃப்எல்லில் இடமில்லை என்று முடிவுகட்டினாலும் தப்பு. ஃப்ளோரிடாவில் டீபோவுக்கு மாற்றாக பெஞ்சில் இருந்தவர் கேம் நியூட்டன். வெளியேறி, ஆபர்னில் ஹைஸ்மன் வாங்கி, 2011-ல் முதல் தேர்வாக வந்தார். டீபோ டென்வரை அதிரவைத்த அதே பருவத்தில், அறிமுக ஆண்டிலேயே 4,051 யார்டு எறிந்து, 14 டச் டவுன் ஓடியும் எடுத்தார். 2015-ல் லீகின் சிறந்த வீரர். ஓடுவதில் இருவரும் ஒரே ரகம். வித்தியாசம் எறிவதில்.

லமார் ஜாக்ஸன் விஷயம் இன்னும் சிக்கலானது. லூயிவில் பல்கலைக்கழகத்தில் அவர் எறிந்ததில் சேர்ந்தது 57 சதவீதம், டீபோவின் கல்லூரிக் கணக்கைவிட ரொம்பக் குறைவு. 2018 டிராஃப்டில் 31 தேர்வு முடிந்தபின்தான் பால்டிமோர் அவரை எடுத்தது. எடுத்தபின் தன் ஆட்டத் திட்டத்தையே அவருக்காகத் திருப்பி எழுதியது. அடுத்த ஆண்டு அவர் ஓடியது 1,206 யார்டு, எறிந்த டச் டவுன் 36, சேர்ந்த பந்து 66 சதவீதம். சிறந்த வீரர் விருதுக்கு ஒரு ஓட்டுகூட வேறு யாருக்கும் விழவில்லை. கல்லூரிக் கணக்கை மட்டும் வைத்து டீபோ, ஜாக்ஸன் இருவரில் ஒருவரை எடுக்கச் சொல்லியிருந்தால் பல அணிகள் டீபோவைத்தான் எடுத்திருக்கும்.